வரம்பார் முதுகு திருப்பிய நாள்

கூமாங்கண்டத்தில் பூதங்கள் நெல் திருடிப் பிடிபட்டன, கட்டிவைத்து அடித்ததும் கூட்டத்தோடு ஊரைவிட்டு ஓடிவிட்டன என்று கல்முனைச் சந்தையில் இன்றைக்கும் கதைக்கிறார்கள். தேத்தண்ணிக் கடையில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பொய். திருடியதும் பொய், ஓடியதும் பொய். அந்த நெல்லை ஏற்றிப்போன உழவு மெசினை, அதாவது டிராக்டரை, ஓட்டியவன் நான். என் பெயர் காலிதீன், மருதமுனை ஆள். ஏழு வருடமாக இந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

வாப்பாவுக்குத் தறி. எனக்குத் தறிக்குழிக்குள் கால் நிற்கவில்லை, மெசின் ஓட்டப் பழகினேன். எழுபத்தொன்பதில் சாலிஹ் என்பவர் என்னைத் தன் மாமனாரிடம் கூட்டிப்போய் வேலைக்குச் சேர்த்துவிட்டார். மாமனார்தான் ஆதம்பாவாப் போடியார். நற்பிட்டிமுனைக்கு மேற்கே, வாய்க்கால் வழியே ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம் போனால் வருகிற கூமாங்கண்டத்தில் பாதி வயல் அவருடையது. மூத்த மகளைக் கட்டியவர் என்பதால் களத்தில் போடியாருக்கு அடுத்த சொல் சாலிஹ் காக்காவின் சொல்தான். அண்ணனைத்தான் நாங்கள் காக்கா என்போம்.

அந்த வயற்கண்டத்தில் எங்களுக்கு முன்பிருந்தே குடியிருந்தவர்கள் வரம்பார். பள்ளியில் கேட்டால் ஜின் இனத்தில் ஒரு வகை என்பார்கள். வயலில் நாங்கள் பூதம் என்போம். அவர்கள் தங்களை வரம்பார் என்றுதான் சொல்வார்கள், வரம்பில் குடியிருக்கிறவர்கள் என்று. நின்றால் மெசினின் பெரிய சில்லுக்குப் பாதி உயரம் வருவார்கள். தோல் வெடித்துக் காய்ந்த வயல்மண் நிறம். உள்ளங்கை மட்டும் சுளகு மாதிரி அகலம். விடிய முன்னும் பொழுது படும்போதும் வாய்க்கால் ஓரம் நடமாடுவார்கள். யாரும் பயப்படுவதில்லை. யாரும் அவர்களோடு கதைப்பதும் இல்லை.

அவர்களுடைய முறைகளை நான் அறிந்தது பிறகுதான், அவர்கள் போவதற்கு முந்திய இரண்டு நாளில் அவர்கள் வாயாலேயே கேட்டு. எங்களைப் போலவே அவர்களுக்கும் தாய்வழியில்தான் குடி. மகளுக்குக் கலியாணம் என்றால் தாய் முதலில் பெரிய வரம்பில் அவளுக்கென்று ஒரு பொந்து தோண்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பான். இதை நான் உம்மாவிடம் சொன்னபோது, அப்படியென்றால் அவர்களும் நம் ஆட்கள்தானே என்று சொல்லிவிட்டு உம்மா தன் வேலையைப் பார்த்தார்.

அவர்கள் தின்பது சப்பி. மணி பிடிக்காத வெறும் பதரைத்தான் எங்கள் பக்கம் சப்பி என்போம். நாங்கள் தூற்றும்போது காற்றில் பறந்து களத்து ஓரம் விழுகிற அதைக் கூட்டி அள்ளி, புடைத்து, இடித்து, உருட்டித் தின்பார்கள். மணி பிடித்த நெல்லைத் தின்ன மாட்டார்கள். அது அவர்களுக்குச் சூல்கொண்ட வயிறு. நமக்கு ஹறாம் என்று சில சாப்பாடு இருக்கிறதே, அதுபோல என்று நினைத்திருந்தேன். அதுபோல இல்லை. பிள்ளையைத் தின்பதுபோல.

பெயர் விஷயம் இன்னும் பெரிது. பிறந்த பிள்ளைக்கு அவர்கள் பெயர் வைப்பதில்லை. பிள்ளை வளர்ந்து ஏதாவது செய்யும். அதைக் கண்ணால் கண்ட ஒருவர் குடிக்கு முன்னால் வந்து, நான் இதைக் கண்டேன் என்று சொல்வார். அதுதான் பெயர். மடைதிறந்தான் என்று ஒருவர் இருந்தார். மழைகேட்டாள் என்று ஒரு பெண், அந்தக் குடிக்கு மூத்தவள். பெயரில் பொய் இருக்கக் கூடாது. ஒருவர்மீது பொய்யாக ஒரு பெயரைப் போட்டால் உள்ள பெயர் செத்துப்போகும். பெயர் செத்தவரை யாரும் கூப்பிட முடியாது, கூட இருந்து சாப்பிட முடியாது, அவருக்குக் கலியாணம் இல்லை, செத்தால் அடக்கக் குழியும் இல்லை. பெயரைப் போட்ட வாயே அதை எடுக்க வேண்டும், அல்லது உண்மையைக் கண்ட இன்னொருவர் வந்து புதுப் பெயர் கொடுக்க வேண்டும்.

எங்களுக்கும் அவர்களைப் பற்றி ஒரு முறை இருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. களவெட்டிக்குள், அதாவது சூடடிக்கிற களத்துக்குள் இறங்கிவிட்டால் நாங்கள் வேறு கதை கதைப்போம், வேறு பேச்சு. நெல் என்று சொல்ல மாட்டோம், பொலி என்போம். நெல் அள்ளுகிற கடகத்தைப் பெருவாயன் என்போம். மண்வெட்டியை வெட்டுவாயன் என்போம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைசொல். ஏனென்றால் பூதம் கேட்டுக்கொண்டிருக்குமாம். நெல் என்றால் விளங்கிவிடுமாம், வந்து அள்ளிப் போய்விடுமாம். எங்கள் மூத்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள், நாங்களும் அப்படியே நம்பினோம். அந்தப் பூதங்கள் ஒரு மணி நெல் எடுத்ததை யார் கண்டது என்று ஒருவரும் கேட்டதில்லை.

எண்பத்தொன்று மாசி மாதம். பெரும்போக அறுவடை முடிந்து போடியாரின் களத்தில் சூடடிப்பு. மெசினை வட்டமாக ஓட்டி, அறுத்த கதிர்க்கட்டுகளான உப்பட்டிகளை மிதிக்க வைத்து, வைக்கோலை உதறி எடுத்து, நெல்லைத் தூற்றிக் குவித்தோம். முதல் நாள் நடுப்பகல், லுஹருக்கு, வேலையாட்கள் தொழவும் சாப்பிடவும் வாய்க்காலடிக்குப் போய்விட்டார்கள். களத்தில் சாலிஹ் காக்காவும் அவர் கூட்டிவந்த இரண்டு பேரும்தான். மெசினுக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் நெல் மூட்டைகளை ஏற்றிப் படங்குச் சீலையால் மூடினார்கள். றோட்டடியில் இருக்கிற ஒரு நெல் ஆலைக்குக் கொண்டுபோகச் சாலிஹ் காக்கா சொன்னார். மாமா சொன்னது, கெதியாப் போய்ட்டு வா என்றார். போனேன், இறக்கினேன், வந்தேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் போடியார் வந்தார். நெற்குவியலைச் சுற்றி முந்திய நாள் லுஹருக்கு முன்பே அவர் கையாலேயே சாம்பலால் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். கோடு அழிந்து கிடந்தது, குவியல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவர் போட்ட சத்தத்தில் வாய்க்காலடியில் நின்ற மாடுகள் திரும்பிப் பார்த்தன. முல்லைக்காரர் மீராசா, அவர்தான் வேலையாட்களுக்குப் பொறுப்பு, தனக்குத் தெரியாது என்று சத்தியம் பண்ணினார். சாலிஹ் காக்கா குவியலைக் குனிந்து பார்த்தார், கால்தடம் தேடுவதுபோல நடந்தார், பிறகு பூதந்தான் மாமா என்றார்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் ஏற்றிப்போனது எது, எனக்குச் சொன்ன பொய் எது என்று விளங்கிவிட்டது. என் வாய் திறக்கவில்லை. வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவர். நீயும் கூட்டுத்தானே என்று கேட்டால் என்ன சொல்வேன்? மெசின் சில்லைச் சும்மா உதைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தக் கதையில் எனக்கு வருகிற கோபத்தில் பாதி என்மேல்தான்.

களத்தின் வடக்கு மூலையில் ஒரு வரம்பார்ப் பெண் குந்தியிருந்து சப்பி புடைத்துக்கொண்டிருந்தாள். இளம்பிள்ளை. முந்திய நாள் தூற்றியதில் விழுந்த சப்பி. எந்தக் களத்திலும் அவர்கள் செய்கிற வேலைதான். சாலிஹ் காக்கா போய் அவளைக் கையில் பிடித்து இழுத்து வந்தார். நைலோன் கயிற்றால் மெசின் பெட்டியின் கொக்கியோடு கட்டினார். அவள் திமிறவில்லை. ஏன் பிடிக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவே இல்லை, அவர் முகத்தையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

போடியார் அவளுக்கு முன்னால் வந்து நின்று, "கள்ளி, பொலிய எங்க கொண்டுபோய் ஒளிச்ச?" என்று கேட்டார்.

அடித்திருந்தால்கூட அவள் முகம் அப்படி மாறியிருக்காது. கண்ணை மூடிக்கொண்டாள். வாய் ஒரு தரம் அசைந்தது. தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள் என்று பிறகு எனக்குச் சொன்னார்கள். சொல்ல வரவில்லை. அந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது, அதன் பிறகு யாரும் அதைச் சொல்லவும் இல்லை.

வேலையாட்கள் சும்மா நின்றார்கள். வாய் திறந்தது ஒரே ஒரு ஆள், கைருன்னிஸாத் தாத்தா. அக்காவைத்தான் நாங்கள் தாத்தா என்போம். நற்பிட்டிமுனைக்காரி, புருஷன் கடலில் போனவர் திரும்பவில்லை, அறுத்த வயலில் கதிர் பொறுக்கி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். இடுப்பில் கூடையோடு வரம்பிலிருந்து இறங்கி வந்தார்.

"போடியார், அதுகள் நெல்லுத் திங்கிறல்ல. உங்களுக்கும் தெரியும்" என்றார்.

கதிர் பொறுக்க வந்த ஆள் கதிரைப் பொறுக்கட்டும் என்று சாலிஹ் காக்கா அதட்டினார். தாத்தா தன் போத்தலிலிருந்த தண்ணீரை அந்தப் பெண்ணின் வாயருகே பிடித்தார். அவள் குடிக்கவில்லை. பெயர் இல்லாதவர் இன்னொருவர் கையால் வாங்கக் கூடாது என்பது அவர்கள் முறை. தாத்தாவுக்கு அது தெரியாது, தண்ணீர்ப் போத்தலை அவள் காலடியில் வைத்துவிட்டுப் போய் வரம்பில் உட்கார்ந்துகொண்டார்.

பின்னேரம், அஸர் நேரம், வரம்பார் வந்தார்கள். வெயில் நன்றாக இருக்கும்போது அவர்களை அப்படி யாரும் கண்டதில்லை. நாற்பது பேருக்குக் குறையாது. கிழவர், பிள்ளைத்தாய்ச்சி, கைப்பிள்ளை எல்லாரும். வாய்க்கால் கட்டிலிருந்து இறங்கி வரிசையாக நடந்து வந்து களத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எங்களைப் பார்த்து இல்லை. முதுகை எங்கள் பக்கம் திருப்பி, முகத்தை வயலுக்குக் கொடுத்து. வட்டமாக நாற்பது முதுகு. பொய் சொன்னவரின் முகத்தை, அவர் உண்மை சொல்கிறவரை பார்ப்பதில்லை. அதுதான் அவர்கள் வழக்குப் பேசுகிற விதம்.

மழைகேட்டாள் மட்டும் எழுந்து நின்றாள். அவளும் திரும்பவில்லை. வயலைப் பார்த்தபடியே பேசினாள்.

"கயிறு கிடக்கட்டும், போடியார். கயிறு இண்டைக்கில்லாட்டி நாளைக்கு அறுந்திரும். நீங்க சொன்ன சொல்ல எடுங்க."

போடியாருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவர் யோசித்தார். பூதங்களோடு பகைத்தால் வயலுக்கு ஆகாது என்ற பயம் அவருக்கும் உண்டு. எலி வளைகளை, எலிக் கிடங்குகளை அடைப்பதும் காட்டுப்பன்றியை வெருட்டுவதும் அவர்கள்தான் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு மூட்டை நெல் தருகிறேன், பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள், விஷயம் முடிந்தது என்றார். அவர் அதைத் தாராளம் என்றுதான் நினைத்தார்.

முதுகுகள் எல்லாம் ஒரு தரம் கூசிச் சுருங்கின. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தவள் குனிந்து வாந்தி எடுத்தாள். பிள்ளையைத் தின்றாய் என்று சொல்லி, பிறகு இந்தா இன்னும் இரண்டு பிள்ளை, தின்றுவிட்டுப் போ என்றால் எப்படி இருக்கும்? எங்கள் ஆட்களில் சிலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

போடியார் மீராசாவின் பக்கம் திரும்பி, பூதங்களுக்கு விளங்காது என்ற நினைப்பில், பெருவாயனில் பொலி அள்ளி வந்து அதுகளுக்கு முன்னால் கொட்டு, பார்த்ததும் ஆசை வந்துவிடும் என்று களவெட்டிக் கதையில் சொன்னார்.

"பெருவாயன் வேணா, போடியார். பொலியும் வேணா" என்றாள் மழைகேட்டாள்.

மீராசா எடுத்த கடகத்தைக் கையில் வைத்தபடியே நின்றார்.

அவள் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பதுபோலச் சொன்னாள். "எங்களுக்கு விளங்கப்படா எண்டு நீங்க உண்டாக்கின கதை இது. உங்கட மூத்தாக்கள் கதைக்கக் கேட்டுக் கேட்டுத்தான் நாங்க கதைக்கப் பழகின. எங்கட புள்ளைகள் வாய் திறந்தா முதல்ல பொலி எண்டுதான் சொல்லுங்கள். நீங்க வேற கதை எங்களோட கதைச்சாத்தானே? கள்ளனுக்கு விளங்கப்படா எண்டு மறைச்ச கதைதான் எங்களுக்குத் தாய்க்கதை. இவ்வளவு காலம் அதையும் பொறுத்துக்கொண்டு உங்கட வயலக் காத்தம். இண்டைக்கு எங்கட புள்ளட பேரையும் எடுத்துப் போட்டீங்க."

போடியார் முகம் கறுத்துப்போய்க் களத்து வாடிக் குடிசைக்குள் நுழைந்துகொண்டார். பொழுது பட்டது. யாரும் அசையவில்லை. பெயர் போன பிள்ளை கயிற்றோடு அப்படியே இருந்தாள், அவளைச் சுற்றி அவள் குடி முதுகோடு இருந்தது. சாலிஹ் காக்கா என்னைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போய்ப் படு, தேவையில்லாத கதை ஒன்றும் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். போனேன்.

காலையில் நான் வரும்போது களத்துக்குப் போகிற வரம்பில் கைருன்னிஸாத் தாத்தா வழியை மறித்து நின்றார்.

"தம்பி, முந்தாநாள் லுஹருக்குப் பெட்டிக்குப் படங்கு போட்டு மூடிக்கொண்டு எங்க போன?"

நான் அவரைச் சுற்றிப் போகப் பார்த்தேன்.

"நான் கண்டனான். நான் சொன்னா, கதிர் பொறுக்கிறவள்ற கதை எண்டு தள்ளிருவாங்க. அதுக்காகத்தான் உன்னட்டக் கேக்கன். நீ சொல்லு. நீ சொல்லாட்டி நானே சொல்லுவன், அப்ப உன்ட பேரும் சேந்துதான் வரும்."

தாத்தாவின் குரலில் வெருட்டு இல்லை. அருவருப்பு இருந்தது. கயிற்றில் கிடந்த பெண்ணை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றவன் என்ற அருவருப்பு. அது எனக்கு நியாயமாகவே பட்டது.

களத்துக்குள் போனேன். போடியார் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார், சாலிஹ் காக்கா பக்கத்தில். எல்லாருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னேன்.

"போடியார், நெல்லக் கொண்டுபோனது நான். சாலிஹ் காக்கா ஏத்தச் சொன்னாரு, நீங்க சொன்னதெண்டு சொன்னாரு. றோட்டடி ஆலையில கிடக்கு. இந்தப் புள்ள ஒரு மணியும் எடுக்கல்ல."

சாலிஹ் காக்கா பாய்ந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். வாப்பாவின் வறுமையைச் சொல்லி ஏசினார், கூலிக்கு வந்த நாய் என்றார். போடியார் அவரைத் தடுக்கவும் இல்லை, என்னைக் கேட்கவும் இல்லை. மீராசாவை மட்டும் சைக்கிளில் ஆலைக்கு அனுப்பினார். மீராசா திரும்பி வர ஒரு மணித்தியாலம் ஆயிற்று. போடியாரின் நீலக் குறி போட்ட சாக்குகள் ஆலையில் அடுக்கியபடி இருப்பதாக அவர் காதோடு சொன்னதை நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

இப்போது போடியார் என்ன செய்வார் என்று நான் நினைத்தேன் தெரியுமா? மருமகனைப் பிடித்து உலுக்குவார், அந்தப் பெண்ணிடம் போய் நான் சொன்னது பிழை என்பார் என்று நினைத்தேன். ஹஜ்ஜுக்குப் போய்வந்த மனிதர், பள்ளியில் முதல் வரிசையில் தொழுகிறவர். அவர் எழுந்து போய் வெட்டுக்கத்தியால் கயிற்றை அறுத்தார். சரி, போகட்டும், தெரியாமல் நடந்துபோயிற்று என்றார். அவ்வளவுதான். கள்ளி என்று சொன்ன சத்தத்தில் கால்வாசிகூட இல்லை.

"சொல்ல எடுங்க, போடியார்" என்றாள் மழைகேட்டாள். அவள் இன்னும் முதுகு காட்டித்தான் நின்றாள்.

"பூதத்துக்கிட்ட மன்னிப்புக் கேக்கிற அளவுக்கு நான் குறைஞ்சிபோகல்ல" என்றார் போடியார்.

காரணம் எனக்கு விளங்கியது. இவள் கள்ளி இல்லை என்று வாயால் சொன்னால், அப்போது யார் கள்ளன் என்று அத்தனை வேலையாட்களுக்கும் முன்னால் சொல்ல வேண்டிவரும். மகளின் வீட்டுக்காரனை அவர் காப்பாற்றிக்கொண்டார். அதற்குப் பதிலாக ஒரு பிள்ளை தன் ஆயுள் முழுக்கப் பெயர் இல்லாமல் கிடந்தாலும் அவருக்குப் பரவாயில்லை.

கயிறு அறுந்தும் அந்தப் பெண் எழும்பவில்லை. எழும்பி எங்கே போவாள்? தாயும் அவளைக் கூப்பிட முடியாது. போட்ட வாய் எடுக்காவிட்டால் கண்ட வாய் கொடுக்கலாம், கண்டவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றாள் மழைகேட்டாள்.

நான் முன்னே போனேன். பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல பெயர்தான் சொல்கிறேன் என்ற நம்பிக்கையோடு, எடுக்காதவள் என்றேன்.

அப்போதுதான் அந்தப் பெண் முதல்முதல் வாய் திறந்தாள்.

"எனக்கு வேணா. எடுக்காதவள் எண்டாலும் அதுக்குள்ள களவு கிடக்கு. என்னக் கூப்பிடுற நேரமெல்லாம் அதுவும் எழும்பி வரும். நான் செய்யாத ஒண்ட நான் ஏன் சுமக்கிற?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது. நான் அவளைப் பற்றி ஒன்றுமே அறியாதவன். இரண்டு வருடம் அதே களத்தில் மெசின் ஓட்டினேன், அவள் என்ன செய்கிறாள் என்று ஒரு நாள் பார்க்கவில்லை. என்னிடம் இருந்தது அவளைப் பற்றிய உண்மை இல்லை, சாலிஹ் காக்காவைப் பற்றிய உண்மைதான்.

கைருன்னிஸாத் தாத்தா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். அவளுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார்.

"நான் கண்டதச் சொல்லுறன். மூணு போகமா நான் பொறுக்கப் போற வரம்பில ஆரோ கதிர் அடுக்கி வெச்சிருக்கும். தாளெல்லாம் ஒரு பக்கம், கதிரெல்லாம் ஒரு பக்கம், அள்ளிக் கூடையில போடுறது மட்டுந்தான் எனக்கு வேல. ஆரெண்டு தெரியல்ல. போன கிழம சுபஹோட வந்து பத்தைக்குள்ள நிண்டு பாத்தன். இந்தப் புள்ளதான். குனிய எனக்கு ஏலாதெண்டு கண்டிருப்பா. ஒரு வார்த்தை என்னோட கதைச்சதில்ல, நானும் கதைச்சதில்ல. இவ கதிரடுக்கி."

மழைகேட்டாள் அந்தப் பெயரை ஒரு தரம் திருப்பிச் சொன்னாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர். பிறகு அடுத்தவர். வட்டம் முழுக்க அந்தப் பெயர் ஒவ்வொரு வாயாகப் போய்வந்தது. கைப்பிள்ளைகளின் காதிலும் தாய்மார் குனிந்து சொன்னார்கள். அது முடிந்ததும் நாற்பது பேரும் எழுந்தார்கள், திரும்பினார்கள். அன்றைக்குத்தான் அவர்களின் முகத்தைக் கிட்டத்தில் கண்டேன். ஒருவர் தவறாமல் கைருன்னிஸாத் தாத்தாவைப் பார்த்தார்கள். சிலர் என்னையும் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை, இருக்கவும் கூடாது. போடியார் நின்ற பக்கம் ஒரு முகமும் திரும்பவில்லை.

கதிரடுக்கி எழுந்தாள். கயிறு அறுத்த இடம் மணிக்கட்டில் புண்ணாகியிருந்தது. காலடியில் இருந்த போத்தலை எடுத்துத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். தாய் வந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் போனாள்.

அவர்கள் ஓடவில்லை. இதைத்தான் ஊர் பொய்யாக்கி வைத்திருக்கிறது. அன்றைக்கும் அடுத்த நாளும் தங்கள் பொந்து ஒவ்வொன்றையும் மண்ணால் அடைத்தார்கள். குடியிருந்த வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போவது அவர்களுக்கு மரியாதை இல்லை. வரம்பு உடையாமல், தண்ணீர் கசியாமல், கையால் தட்டித் தட்டி அடைத்தார்கள். தங்களைக் கள்ளர் என்று சொன்னவனின் வரம்பை. பிறகு பகல் வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க, வாய்க்கால் கட்டு வழியே தெற்கே நடந்தார்கள். கோமாரிப் பக்கம் கண்டதாகச் சிலர் சொல்கிறார்கள்.

எனக்கு வேலை போயிற்று. கைருன்னிஸாத் தாத்தா இனிக் கூமாங்கண்டத்தில் கால் வைக்கக் கூடாது என்று போடியார் ஆள் விட்டுச் சொன்னார். தாத்தா மருதமுனைக்கு நடந்து வந்து எங்கள் தறியில் நூல் சுற்றினார், இப்போதும் சுற்றுகிறார். அடுத்த போகம் கூமாங்கண்டத்தில் எலி விழுந்தது. கதிர் பால் பிடிக்கும்போதே வெட்டித் தள்ளிவிட்டது. பூதம் சாபம் போட்டுவிட்டுப் போயிற்று என்றார் போடியார். கிடங்கு அடைக்க ஆள் இல்லாமல் எலி வந்தது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர் மவுத்தான பிறகு வயல் சாலிஹ் காக்காவின் கைக்கு வந்தது. கமக்காரர் கூட்டங்களில் இப்போது அவருக்கு முன்வரிசைக் கதிரை. களவு நடந்தது எப்படி என்று இளம் ஆட்களுக்கு அவரே சொல்லிக்கொடுக்கிறார்.

இந்த மாசியில் என் சொந்த மெசினோடு சீனிமுகம்மது என்பவரின் களத்துக்குப் போனேன். நல்ல மனிதர்தான். கதிர்க்கட்டு அடுக்கிய சூட்டில் ஏறி நின்று வேலையாட்களிடம், பூதக் கள்ளர் போனபிறகுதான் களவெட்டி சுத்தமாச்சு என்று சிரித்துக்கொண்டு சொன்னார். நான் மெசினை நிறுத்தினேன். இறங்கி, இங்கே சொன்ன அத்தனையையும் முதலிலிருந்து சொன்னேன். என் பங்கையும் மறைக்கவில்லை. வேலையாட்கள் உப்பட்டிமேல் இருந்து கேட்டார்கள். சீனிமுகம்மது பாதியில் மணிக்கூட்டைப் பார்த்தார், ஒரு ஆளைச் சைக்கிளில் அனுப்பினார். அஸருக்கு முன் எனக்குப் பதிலாக வேறொரு மெசின் களத்துக்கு வந்துவிட்டது. சொல்லி முடித்துவிட்டுத்தான் நான் என் மெசினைக் கிளப்பினேன்.